துணைக்கு சிபில் சரியில்லை: ஒருவர் பெயரில் வீட்டுக்கடன்

என் கணவருக்கு கிரெடிட் கார்டு பாக்கி, சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) 580. எனக்கு 770. நான் மட்டும் விண்ணப்பித்தால் அவருடைய ஸ்கோர் என் கடனைத் தடுக்குமா? (முதலியார்பேட்டை)

தடுக்காது. கல்யாணத்தால் இருவர் சிபிலும் ஒன்றாகிவிடுவதில்லை. ஆனால் அவருடைய பைக் லோனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், அவர் தவணை தவறிய மாதங்கள் உங்கள் அறிக்கையிலும் ஏறியிருக்கும். எனவே முதலில் உங்கள் அறிக்கையைப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். குழுக்கடன் வாங்கியிருந்தால் கிரிஃப் ஹைமார்க்கை விட்டுவிடாதீர்கள். ஒரே வாரத்தில் ஐந்து வங்கிகளில் மனு போடவும் வேண்டாம். ஒவ்வொரு மனுவும் அறிக்கையில் பதிவாகி ஸ்கோரைக் குறைக்கும்.

கைக்கு வரும் சம்பளம் 45,000. பைக் தவணை 3,200. நெல்லிக்குப்பத்தில் 28 லட்சத்துக்கு வீடு பார்த்திருக்கிறேன். மனைவி சம்பளத்தைக் காட்டாமல் எவ்வளவு கிடைக்கும்?

தனியாகப் போவதில் அடி விழுவது இங்கேதான். எல்லாத் தவணைகளும் சேர்ந்து சம்பளத்தில் பாதி வரை போகலாம் என்று வங்கி எடுத்துக்கொண்டால், உங்களுக்கு 22,500. பைக் போக 19,300. எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் லட்சத்துக்குத் தவணை சுமார் 868 ரூபாய், அதாவது 22.2 லட்சம் வரை கிடைக்கலாம். பைக் கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டால் இதே கணக்கு 25.9 லட்சமாகும். ஆனால் 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம்தான் உச்சம் என்பதால் 25.2 லட்சத்தில் நிற்கும்.

மீதி 2.8 லட்சத்தோடு பத்திரச் செலவும் உங்கள் கையிலிருந்துதான். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 28 லட்சத்துக்கு 2.52 லட்சம். அதை மிச்சப்படுத்தலாம் என்று பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதச் சம்மதிக்காதீர்கள். பத்திர விலை, வங்கி மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் பொதுவாகக் கடன் தருவார்கள்.

மனைவி பணம் போட்டால் வங்கிக் கணக்கு வழியாகவே உங்களுக்கு அனுப்பட்டும். வீடு விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமானவரிச் சட்டப்படி தவறு. முன்பணத்துக்கும் இது பொருந்தும்.

கடன் என் பெயரில், பத்திரம் இருவர் பெயரிலும் இருக்கலாமா? (வில்லியனூர்)

பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சொத்தில் பங்கு உள்ள எல்லோரும் கடனிலும் சேர வேண்டும் என்பதே வங்கிகளின் வழக்கம். சேர்ந்தால் துணையின் சிபிலும் பார்க்கப்படும். ஆகவே பத்திரமும் ஒருவர் பெயரில்தான். கடன் நடக்கும்போது வங்கியின் தடையில்லாச் சான்று இல்லாமல் துணைக்கு செட்டில்மென்ட் (சொத்தைக் குடும்பத்தாருக்கு மாற்றிக் கொடுக்கும் பத்திரம்) எழுதி வைக்காதீர்கள்.

இதில் ஒன்றை யாரும் சொல்வதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் கணவர் இறந்தால் வீடு மனைவிக்கு மட்டும் வராது. அவருடைய அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சமபங்கு உண்டு. பெயரில்லாமல் பாதிப் பணம் போடும் மனைவிக்கு ஓர் உயிலும், கடன் தொகைக்கு டேர்ம் இன்சூரன்ஸும் (இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) அவசியம்.

திருமணமானதையே சொல்லாமல் விடலாமா? (பாகூர்)

கூடாது. படிவத்தில் பொய் எழுதினால் அதற்காகவே கடன் மறுக்கப்படலாம்.

கணவரின் பழைய பாக்கியைப் பாதித் தொகைக்கு முடித்துத் தருவதாக வங்கி சொல்கிறது. முடித்துவிடலாமா? (கடலூர் முதுநகர்)

முடிந்தவரை முழுசாகக் கட்டுங்கள். பாதி கட்டினால் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும். அது இருக்கும்வரை வீட்டுக்கடன் கொடுப்பவர்கள் தயங்குவார்கள். முழுசாகக் கட்டினால் ‘க்ளோஸ்டு’. கட்டியதும் பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் கையோடு வாங்குங்கள். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் பதினைந்து நாளுக்கொரு முறை விவரம் அனுப்ப வேண்டும். ஒரு மாதமாகியும் மாறவில்லை என்றால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

ஸ்கோர் தேறியபின் இருவரும் சேர்ந்து வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம். மாறும் வட்டியில் எடுத்த வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது.