கடுவன் முக்குகிறான், ஒன்றும் வரவில்லை

கேள்வி: டாக்டர், எங்கள் வீட்டுக் கடுவன் பூனைக்கு நாலு வயது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து மண் தொட்டியில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறான், ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்தோம். இன்று சாப்பிடவில்லை, ஒரு தடவை வாந்தி எடுத்தான். வலிக்குப் பாராசிட்டமால் பாதி கொடுக்கலாமா? அவன் தங்கைக்கும் இது வருமா? பொதுவாகப் பூனைகளுக்கு என்னென்ன நோய்கள் வரும்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கேள்வியைப் பார்த்த உடனேயே உங்களுக்குப் போன் செய்து, இப்போதே ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டேன். காரணத்தை மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன். இது மலச்சிக்கல் இல்லை அம்மா, மூத்திர அடைப்பு. ஆண் பூனை முக்கி முக்கி ஒரு சொட்டும் வரவில்லை என்றால், வேறு எதையும் யோசிக்காமல் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். முழுசாக அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும்.

கடுவனுக்கு மூத்திரக்குழாய் நுனியில் மிகவும் குறுகலானது. சிறுநீர்ப்பை வீங்கி அதிலிருந்து வரும் சளி, மணல் மாதிரி படிகங்கள் எல்லாம் சேர்ந்து அங்கே தக்கை போல உட்கார்ந்துவிடும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்திலேயே ஏறி இதயத்துடிப்பைக் குறைக்கும். வாந்தி, சோர்வு, உடம்பு சில்லிடுவது எல்லாம் அப்போது வரும். உங்கள் பையன் வாந்தி எடுத்ததாகப் படித்ததும் எனக்கு அதனால்தான் பதற்றமாகிவிட்டது.

இப்படி வரும் பூனையின் அடிவயிற்றைத் தொட்டால் கல்லு போன்ற உருண்டை ஒன்று, பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்குக் கையில் தட்டுப்படும். குறியின் நுனி சிவந்தோ ஊதா நிறமாகவோ இருக்கும், அதை ஓயாமல் நக்கிக்கொண்டே இருக்கும். வீட்டில் நீங்கள் அமுக்கிப் பார்க்காதீர்கள், பை கிழிந்துவிடலாம். நாங்கள் மயக்கம் கொடுத்து மெல்லிய கதீட்டர் குழாயை உள்ளே விட்டுச் சலைன் அடித்துத் தக்கையைப் பின்னால் தள்ளுவோம், அப்போது ரத்தம் கலந்த மூத்திரம் பீய்ச்சிக்கொண்டு வரும், அடியில் தங்குவதை விரலால் தேய்த்தால் ஆற்று மணல் மாதிரி நறநறவென்று இருக்கும். அப்புறம் ஓரிரண்டு நாள் குழாய் உள்ளேயே இருக்க வேண்டும், டிரிப்ஸ் ஏற வேண்டும். திரும்பத் திரும்ப அடைத்தால் அறுவை சிகிச்சை செய்து வழியை அகலமாக்குவதும் உண்டு.

பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, பாதியும் வேண்டாம், குழந்தைகளுக்கான சிரப்பும் வேண்டாம். அதை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்குப் போதாது. ஈறு பழுப்பு நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லப் போதும். தெரியாமல் கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அந்த விஷத்தை முறிக்கும் மருந்து இருக்கிறது. விளக்கெண்ணெயையும் நிறுத்திவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் முதல் இரண்டு வாரம் கவனம் தேவை, அப்போதுதான் மறுபடி அடைப்பது அதிகம். உலர் தீனியைக் குறைத்து ஈரத் தீனி கொடுங்கள், வேகவைத்த மீனை அந்தத் தண்ணீரோடு வைக்கலாம் (உப்பு, மசாலா கூடாது). படிகத்தைக் கரைக்கும் தீனியை டாக்டர் எழுதிக் கொடுத்தால் அதை மட்டும்தான் கொடுக்க வேண்டும், நடுவில் கருவாடு போடாதீர்கள். பயமும் சண்டையும் இந்த நோயைக் கிளறும், அதனால் இரண்டு பூனைக்கு மூன்று மண் தொட்டி வையுங்கள்.

மற்ற நோய்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குட்டிகளுக்குப் பெரிய எமன் பேன்லூகோபீனியா என்ற வைரஸ் நோய்: வாந்தி, பேதி, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருப்பது. தடுப்பூசியை 6–8 வாரத்தில் தொடங்கி, 3–4 வார இடைவெளியில் 16 வாரம் வரை போட வேண்டும். ரேபிஸ் ஊசியும் கட்டாயம். தும்மல், கண்ணில் பீளை என்றால் பெரும்பாலும் பூனைச் சளிதான், ஆனால் மூக்கடைத்து ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தால் காட்டிவிடுங்கள்.

தங்கைப் பூனைக்கும் சிறுநீர்ப்பை வீக்கம் வரும், ஆனால் குழாய் அகலமாக இருப்பதால் அடைப்பது மிக அரிது. அவள் தொட்டிக்கு அடிக்கடி போனாலோ ரத்தம் தெரிந்தாலோ மறுநாள் காலையில் கூட்டிப் போகலாம். அண்ணனுக்கு அந்த ஒரு ராத்திரி கூடக் காத்திருக்க முடியாது.