35 என்று சொல்லும் பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

அரசு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதுகிறேன். திங்கள் முதல் பாடவேளையிலேயே அது உடைந்துவிடுகிறது. கடன் வாங்கிக் கழித்தலுக்கு ஒரு நாள் ஒதுக்கினேன். நான்கு நாளாகியும் முடியவில்லை. 52 − 27 கொடுத்தால் பாதி வகுப்பு 35 என்கிறது. எத்தனை முறை போட்டுக் காட்டினாலும் அதே 35. நெகிழ்வான குறிப்பு எழுதுங்கள் என்கிறார்கள். நிமிடக் கணக்கை விட்டுவிடலாமா? சார்ட், வண்ணப் பேனா எல்லாம் அவசியமா? இணையத்தில் கிடைக்கும் ஆயத்தக் குறிப்புகளைப் பயன்படுத்தலாமா?

கே.

அன்புள்ள கே.,

வண்ணப் பேனா பார்வையிட வருபவருக்கு. இருந்தால் எழுதுங்கள், தீர்ந்தால் வாங்காதீர்கள். ஆயத்தக் குறிப்பை எழுதியவர் உங்கள் வகுப்பைப் பார்த்ததில்லை; அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 35. நான்கு நாள் அதே விடை வந்திருக்கிறது. அது எப்படி வருகிறது என்று ஒரு பிள்ளையையாவது கேட்டீர்களா? கேட்காமல் ஐந்தாவது முறையும் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் ஐந்தாவது முறையும் 35தான் வரும்.

போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை 7இலிருந்து 2 போக 5, 5இலிருந்து 2 போக 3 என்று 35 எழுதுகிறது. ‘பெரியதிலிருந்து சிறியதைக் கழி’ என்று இரண்டாம் வகுப்பில் நாம் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்ட பிள்ளை அது. இன்னொன்று ஒழுங்காகப் பத்தைப் பிரித்து 12இலிருந்து 7 போக 5 என்கிறது, ஆனால் மேலே இருக்கும் 5ஐ 4 ஆக்க மறந்துவிடுகிறது. 5இலிருந்து 2 போக 3. அதுவும் 35! இரண்டு வேறு நோய், வெளியே தெரிவது ஒரே காய்ச்சல். இரண்டு பேருக்கும் ஒரே கஷாயத்தை ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒன்றுகள் இடத்தில் கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் வித்தியாசம் சரியாக 5 இருந்தால் இப்படித்தான் ஆகும். 63 − 38, 41 − 16 எல்லாமே அந்த ரகம். 52 − 28 கொடுங்கள். முதல் பிள்ளை 36 எழுதும், இரண்டாவது 34 எழுதும். ‘2இலிருந்து 8 போகாது’ என்று பூச்சியம் போடும் பிள்ளை 30 எழுதும். குறியைப் பார்க்காமல் கூட்டிய பிள்ளை 80. சரியான விடை 24. ஸ்லேட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் மொத்த வகுப்பும் கண்முன் நிற்கும்.

நெகிழ்வு வேண்டுமென்றால் அதை இங்கே வையுங்கள். குறிப்பில் ‘அறிமுகம் 5 நிமிடம், மனவரைபடம் 10 நிமிடம்’ என்று நிரப்புவதைவிட, வரக்கூடிய தவறான விடைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்ய வேண்டியதை எழுதுங்கள். 36, 30 இரண்டுக்கும் ஈர்க்குச்சி. பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கையில் கொடுத்து, ‘எனக்கு எட்டு கொடு’ என்று கேளுங்கள். கட்டைப் பிரிக்கலாமா என்று பிள்ளையே கேட்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். 34க்குக் குச்சி வேண்டாம். பிரிக்க அதற்குத் தெரியும். கழிக்கத் தொடங்கும் முன்பே 5ஐ அடித்து மேலே 4 எழுதும் பழக்கம் மட்டும் போதும். 80க்குப் பாடமே எடுக்காதீர்கள், குறியைச் சுற்றி வட்டம் போடச் சொல்லுங்கள். 24 எழுதிய பிள்ளைகள் சும்மா இருந்தால் வகுப்பு கலையும். விடை 24 வரும்படி மூன்று கணக்கு உருவாக்கச் சொல்லுங்கள், இரண்டிலாவது பத்தைப் பிரிக்க வேண்டும்.

40 நிமிடத்தில் 25 நிமிடத்துக்கு மட்டும் திட்டம் போடுங்கள். மீதிப் பதினைந்து 36க்கும் 34க்கும் உரியது. எந்தப் பக்கம் கூட்டம் அதிகமோ அந்தப் பக்கம் போய் உட்காருங்கள்.

குச்சிக்கட்டுகளை வகுப்புக்கு முன் எண்ணிவிடுங்கள். ரப்பர் நைந்து, பிள்ளை பிரிக்கும் கட்டில் ஒன்பது குச்சியே இருந்தால் பிள்ளை சரியாகச் செய்தும் 23 வரும், நீங்கள் அதைத் திட்டுவீர்கள். நால்வர் குழு ஆறு என்றால் 312 குச்சி, 30 ரப்பர்.

இடையில் ஒன்று. ‘கடன்’ என்ற சொல்லை விடுங்கள். கடன் என்றால் திருப்பித் தர வேண்டும், இங்கே யாரும் தருவதில்லை. புத்தகத்தில் இருக்கும் ‘இனமாற்றம்’ நல்ல சொல். ஒரு பத்து, பத்து ஒன்றுகளாக மாறுகிறது, அவ்வளவுதான்.

கவனக்குறைவு என்று பிள்ளைகள் மேல் பழி போடுவதும் வேண்டாம். 1978இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் பிள்ளைகளின் கழித்தல் பிழைகளை ஆராய்ந்து எழுதினார்கள். பல பிழைகளுக்குப் பின்னால் பிள்ளை மாறாமல் பின்பற்றும் ஒரு தவறான விதி இருக்கிறது என்று காட்டினார்கள். உங்கள் பாதி வகுப்பு நான்கு நாளாகக் காட்டுவதும் அதைத்தான். பாவம், அவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்கிறார்கள்.

நிமிடக் கணக்கைக் கேட்டிருந்தீர்கள். தலைமை ஆசிரியர் கேட்டால் எழுதிக்கொடுங்கள். வலது ஓரத்தில் மட்டும் இரண்டு விரற்கடை இடம் விட்டு, அன்று 36 யார், 34 யார் என்று பெயர் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் குழு அதிலிருந்தே பிரியும்.

402 − 178ஐ இந்த வாரம் தொடாதீர்கள். பத்துகள் இடத்தில் பிரிக்கக் கட்டே இல்லை. பிள்ளை நூறிலிருந்து நேராக ஒன்றுக்குத் தாவும். அதற்குப் பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டிய நூறுகட்டு நான்கு வேண்டும், ஒரு குழுவுக்கே 402 குச்சி. பழைய விளக்குமாறுகளை இப்போதே கேட்டு வையுங்கள்.