மீசை முளைத்ததெல்லாம் திறமையா?

(வேலூர் மாவட்டப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது குடியாத்தத்தில் பிள்ளைகளுக்கு ஜூடோவும் மல்யுத்தமும் சொல்லித்தரும் ‘பி.டி. டீச்சர்’ வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

டீச்சர், நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். என் பையனுக்கு 13 வயது. ரெண்டு வருஷமாக மல்யுத்தப் பயிற்சிக்குப் போகிறான், லீவே போட்டதில்லை. இப்போதுதான் சேர்ந்த அவன் வகுப்புப் பையன், அதே எடைதான், இவனை ஒரு நிமிஷத்தில் மல்லாத்திவிடுகிறான். “அவனுக்குப் பிறவியிலேயே வருது சார்” என்கிறார் பயிற்சியாளர். நிறுத்திவிட்டு டியூஷனில் சேர்த்துவிடட்டுமா?
– ஒரு அப்பா, பேர்ணாம்பட்டு

முதலில் அந்த இன்னொரு பையனின் மேலுதட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். அரும்பு மீசை தெரிகிறதா? குரல் உடைந்துவிட்டதா? ஜூனில் வாங்கிய ஷூ இப்போது கடிக்கிறதா? பையன்கள் வளரத் தொடங்கும்போது உயரத்துக்கு முன்னால் பாதம்தான் நீளும். உங்கள் தொழிலில் இருப்பவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவனுக்குப் பதினொன்றரை வயதில் பருவம் தொடங்கியிருக்கும். மற்றவனுக்குப் பதினான்கு ஆகும். தராசில் ஏற்றினால் இருவரும் 45 கிலோ. எடைப் பிரிவு கிலோவைத்தான் சமப்படுத்தும், எலும்பின் வயதை அல்ல. முன்னால் வளர்ந்தவனின் 45 கிலோவில் சதையும் வலுவும் கூடுதல். போதாததற்கு, வயதுப் பிரிவைப் பிறந்த ஆண்டை வைத்து வகுக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். அந்த வயதில் பதினொரு மாசம் சின்ன வித்தியாசம் இல்லை. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் ‘பிறவித் திறமை’ என்கிறோம்.

சீக்கிரம் வளர்ந்த பையன்கள் அப்புறம் என்ன ஆகிறார்கள் என்று பள்ளி பள்ளியாகப் பார்த்திருக்கிறேன். இடுப்பைக் கட்டிப் பிடித்து, தூக்கி, போட்டு ஜெயிப்பார்கள். எதிராளியின் காலை எடுக்கக் கற்க மாட்டார்கள். எதற்குக் கற்க வேண்டும்? அது இல்லாமலே மெடல் வருகிறதே. பிளஸ் டூ வருகிற நேரத்தில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள். இவர்களிடம் இருப்பது அதே ஒரு பிடிதான். பலர் அந்த வருஷமே விட்டுவிடுகிறார்கள். சிலர் தோற்றுத் தோற்று மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்கி நன்றாக வந்திருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

உங்கள் பையனுக்கும் ஒரு ஆபத்து உண்டு. எப்போதும் தன்னைவிட வலுவானவனோடு மட்டும் பிடித்தால் தடுக்க மட்டும்தான் கைவரும். ஒரு பிடியைத் தொடங்கி முடித்துப் பார்த்த ருசியே இருக்காது. அதனால் பயிற்சியாளரிடம் போய் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வாரத்தில் பாதி நாளாவது இவனைவிட இளைத்த பையனோடு ஜோடி போடச் சொல்லுங்கள். சிங்கிள் லெக் என்றால் காலை எடுத்து, தலையை எதிராளியின் விலாவில் ஒட்டி, சுற்றிவந்து, ஆளைக் கீழே இறக்கும்வரை முழுதாகச் செய்யட்டும். ஜூடோவில் உச்சிகோமி என்று ஒன்று உண்டு. எறிய மாட்டோம், நுழையும் அசைவை மட்டும் விடாமல் திரும்பத் திரும்பச் செய்வோம். பிள்ளைகளுக்கு அது கசப்பு மருந்து. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

டியூஷனா? தாராளமாகச் சேருங்கள். காலையில் குஸ்தி, மாலையில் கணக்கு. ஒன்றுக்காக இன்னொன்றை நிறுத்துவானேன்? அப்புறம், ரெண்டு வருஷம் லீவு போடாத பையனைக் கையில் வைத்துக்கொண்டு ‘பிறவியில் வருவது’ பற்றிப் பேசும் அந்தப் பயிற்சியாளர் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

எங்கள் சத்துவாச்சாரியில் பளு தூக்குபவர்கள் இத்தனை பேர் வருவது ரத்தத்தில் இருப்பதாலா? மரபணு பரிசோதனை எடுத்தால் எந்த விளையாட்டு நமக்குப் பொருந்தும் என்று சொல்லிவிடுவார்களாம். எடுக்கலாமா?
– கல்லூரி மாணவர், வேலூர்

உங்கள் ஊர் சதீஷ் சிவலிங்கத்தையே எடுத்துக்கொள்வோம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்சில் (ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது) 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (தோளில் நிறுத்தி மேலே தூக்குவது) 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம். 2018இல் கோல்ட் கோஸ்ட்டில் மறுபடி தங்கம். அவர் அப்பா ராணுவத்தில் இருந்தவர், அவரும் தேசிய அளவில் பளு தூக்கியவர். ரத்தம்தான் என்பவர்கள் இதோடு கதையை முடித்துக்கொள்வார்கள். ஆனால் பளு தூக்கிய அப்பா இருக்கும் வீட்டில் ரத்தம் மட்டுமா கிடைக்கும்? முதுகு வளைந்தால் சாப்பாட்டு நேரத்திலேயே திட்டு விழும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்த வீட்டுக்காரர்களாலேயே முடியாது.

பிறவியில் வருவது இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. கையின் நீளம், தோளின் அகலம், வெடுக்கென்று சுருங்கும் தசை இழைகளின் பங்கு, இதெல்லாம் பெற்றோர் கொடுப்பது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: பயிற்சிக்கு உடம்பு எவ்வளவு இசைந்து கொடுக்கிறது என்பதிலும் பிறவிக்குப் பங்கு உண்டு. ஒரே பயிற்சி, ஒரே ஹாஸ்டல் சோறு, ஆனால் ஒருத்தி ஆறு மாசத்தில் எங்கோ போய்விடுவாள், இன்னொருத்தி நகரவே மாட்டாள். நகராதவளுக்குப் பயிற்சியை மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

பரிசோதனை வேண்டாம். ஏசிடிஎன்3 என்ற மரபணுவைப் பெரிதாக விளம்பரம் செய்கிறார்கள். வேகத்துக்கு உதவும் என்று சொல்லும் அதன் வகை பெரும்பாலான மனிதர்களிடம் உண்டு. உங்களிடம் இருக்கிறது என்று தெரிந்தால், தெருவில் போகிற எல்லோரையும் போல நீங்களும் என்று தெரிந்துகொள்வீர்கள். அந்தப் பணத்துக்கு முட்டை வாங்குங்கள்.

ரஷ்யாவின் கரேலின் போன்ற பிறவி ராட்சசனைப் பயிற்சியால் வெல்ல முடியுமா?
– மல்யுத்த ரசிகர், ராணிப்பேட்டை

வென்றிருக்கிறார்களே. கரேலின் 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். தரையில் குப்புறப் படுத்திருக்கும் 130 கிலோ ஆளை இடுப்பைக் கட்டித் தூக்கித் தலைக்குப் பின்னால் எறிவார். 1997இல் அப்படி எறியப்பட்டவர்களில் ஒருவர், அமெரிக்காவில் பால் பண்ணையில் வளர்ந்த ரூலன் கார்ட்னர். 2000 சிட்னி இறுதிப் போட்டியில் அதே கார்ட்னரைத் தூக்க முடியவில்லை. கட்டிப் பிடித்து நிற்கும்போது கரேலினின் கைப்பிடி அவிழ்ந்தது, அன்றைய விதிப்படி ஒரு புள்ளி போயிற்று. 1-0.

இதை வைத்துப் ‘பயிற்சி ஜெயித்தது’ என்று போஸ்டர் அடிக்காதீர்கள். கரேலினின் அந்தத் தூக்கு அம்மா வயிற்றிலிருந்து வந்ததில்லை, பயிற்சிக் கூடத்தில் உழைத்து வந்தது. கார்ட்னரும் பூஞ்சை உடம்புக்காரர் இல்லை.

நான் சிலம்பம் ஆடுகிறேன். 19 வயதில் மல்யுத்தத்துக்கு மாறினால் இதுவரை கற்றது வீணா?
– மாணவி, ஆரணி

1952 ஹெல்சிங்கியில் பான்டம் வெயிட் என்ற எடை குறைந்தவர்கள் பிரிவில், காலையும் பிடிக்கலாம் என்கிற ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் தங்கம் வாங்கியவர் ஜப்பானின் ஷோஹாச்சி இஷி. அவர் முதலில் கற்றது ஜூடோ. போருக்குப் பின் ஜப்பானில் ஜூடோவுக்குத் தடை வந்ததால் மல்யுத்தத்துக்கு வந்தவர். அதே பிரிவில் வெண்கலம் யாருக்குத் தெரியுமா? நம் கே.டி. ஜாதவுக்கு. சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம். ஜாதவ் மகாராஷ்டிர கிராமத்து மண் குஸ்தியில் வளர்ந்தவர், பயில்வான் வீட்டுப் பிள்ளை. 1948 லண்டனில் மேட் (மெத்தை விரிப்பு) மேல் இறங்கியபோது ஆறாவது இடம். நாலு வருஷம் மேட்டுக்கும் அதன் விதிகளுக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டு போனார்.

ஆக, வீணில்லை. கால் மாற்றும் வேகமும் மணிக்கட்டு வலுவும் கூடவே வரும். ஆனால் சிலம்பக்காரர்கள் நிமிர்ந்து நிற்பார்கள். மல்யுத்தத்தில் நிமிர்ந்து நின்றால் காலைக் காணிக்கை கொடுத்த மாதிரி. முதல் ஒரு மாசம் குனிந்து நிற்கப் பழகுங்கள், தொடை எரியும். விழப் பழகாமல் யாரோடும் பிடிக்காதீர்கள். படர்தாமரை வராமலிருக்க வீட்டுக்குப் போனதும் குளியுங்கள், மேட் தினமும் துடைக்காத இடத்தில் சேராதீர்கள்.

என் மகளுக்கு 15 வயது. ஜூடோ பயிற்சிக்கு ஒழுங்காகப் போகமாட்டாள். போட்டி என்றால் போய் ஜெயித்துவிட்டு வந்துவிடுகிறாள். மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் முறைக்கிறார்கள். இவளை எப்படித் திருத்துவது?
– ஒரு அம்மா, குடியாத்தம்

இது நிஜமாகவே பிறவித் திறமையாக இருக்கலாம். எதிராளியின் எடை எந்தக் காலுக்கு மாறுகிறது என்று உடுப்பைப் பிடித்த விரலிலேயே தெரிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. அப்படி ஒரு பிள்ளை கிடைத்தால் எனக்கு அன்று இரவு தூக்கம் வராது.

அவளுக்குப் பயிற்சி சலிக்கிறது, அவ்வளவுதான். மாவட்டப் போட்டிகளைக் கொஞ்ச காலம் நிறுத்துங்கள். மூத்த பெண்களோடு ராண்டோரி, அதாவது நிஜமாக எறிந்து பிடித்துப் பழகும் ஆட்டம், ஆடவிடுங்கள். அவளுக்கு மிகவும் கைவந்த எறிதலைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போடச் சொல்லுங்கள், இடதுபக்கப் பிடியில் மட்டும் ஆடட்டும். கீழே விழத் தொடங்குவாள். விழுந்த கோபத்தில் மறுநாள் வருகிறாளா என்று பாருங்கள்.

வரவில்லை என்றால்? உங்கள் கடிதம் நாலு பக்கம். அவளுக்கு ஜூடோ பிடித்திருக்கிறதா என்று அதில் ஒரு வரி இல்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடட்டும். மெடல் வருகிறது என்பதற்காக அந்தக் கனத்த ஜூடோ உடுப்பை யாரும் வாரம் முழுக்கத் துவைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. துவைப்பது நீங்கள்தானே?