கேளுங்க சொல்றோம்: கடலுக்கு அடியில வேலை பாக்க என்ன படிக்கணும்?

கேள்வி: எம் மக பிளஸ் டூ முடிச்சிருக்கா, கணக்குலயும் பிசிக்ஸ்லயும் நல்ல மார்க்கு. அவ அப்பா கொச்சியில இருந்து தங்கல் (பல நாள் கடல்லயே தங்கி மீன் பிடிக்க) போறவரு. கடலுக்கு அடியில ஓடுற மெஷின் செய்யணும்னு இவளுக்கு ஆசை. ஒரு ஏஜென்ட், ஆறு மாச 'அண்டர்வாட்டர் ரோபோ' கோர்ஸ், முடிச்ச உடனே கப்பல்ல வேலை, மூணு லட்சம் கட்டுங்கங்காரு. கட்டலாமா?
- ஒரு அம்மா, தூத்தூர்

பதில்: கட்டாதீங்கம்மா. அந்தக் காசு உங்க வீட்டுக்காரர் கடல்ல ராத்திரி பகலா கெடந்து கொண்டு வந்தது.

சென்னை பள்ளிக்கரணையில தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கு, அவங்க செய்ற மத்ஸ்யா 6000 மூணு பேரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு போறதுக்கான வண்டி, உங்க வீட்டுக்காரர் கணக்குல மூவாயிரம் பாகத்துக்கு மேல (ஒரு பாகம்னா ஏறக்குறைய ஆறடி). பத்து மீட்டர் எறங்குனா ஒரு காற்று மண்டல அழுத்தம் கூடும், அங்க கிட்டத்தட்ட 600 மடங்கு, அதைத் தாங்கத்தான் ஆளு உக்கார்ற உருண்டையை 2.1 மீட்டர் விட்டத்துல டைட்டானியத்துல செய்றாங்க. அந்த வெல்டிங், சீல், ஹைட்ராலிக்ஸ், எலக்ட்ரானிக்ஸ் இதெல்லாம் ஆறு மாசத்துல வராதும்மா, நாலு வருஷ டிகிரி வேணும்.

ஜேஇஇ அட்வான்ஸ்ட்ல நல்ல ரேங்க் வந்தா ஐஐடி மெட்ராஸ்லயே நேவல் ஆர்க்கிடெக்சர் அண்ட் ஓஷன் இன்ஜினியரிங் (கப்பலையும் கடல்ல வேலை செய்ற அமைப்புகளையும் டிசைன் பண்ற படிப்பு) இருக்கு. இல்லன்னா இந்திய கடல்சார் பல்கலைக்கழகத்தோட நுழைவுத்தேர்வு எழுதி விசாகப்பட்டினம் கேம்பஸ்ல இதே படிப்பு படிக்கலாம், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துலயும் (குசாட்) கப்பல் கட்டுற பிடெக் இருக்கு. எதுவும் கெடைக்கலன்னா நம்ம ஊர்ப் பக்கமே மெக்கானிக்கலோ இசிஇயோ (எலக்ட்ரானிக்ஸ்) நல்லா படிச்சிட்டு, எம்டெக் சேர்றதுக்கான கேட் (GATE) தேர்வு எழுதி எம்டெக் ஓஷன் இன்ஜினியரிங் போகட்டும், ஆராய்ச்சிக்கு அது நல்ல வழி. மரைன் இன்ஜினியரிங் வேற, அது கப்பல் இன்ஜினை ஓட்டுற படிப்பு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

இன்னொண்ணு, இந்த லீவுல அவளை அப்பாகிட்ட உக்காந்து கணியம் பாக்குறது (கரை அடையாளத்தை வச்சு கடல்ல இடம் கண்டுபிடிக்கிறது) எப்படி, நீவாடு (கடல் நீரோட்டம்) எப்படித் திரும்பும், எந்தப் பார்ல (கடலடிப் பாறையில) வலை சிக்கும்னு கேட்டு ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க. கடலுக்கடியில மெஷினை எறக்குறவனுக்கும் மொதல்ல தெரிய வேண்டியது ஓட்டமும் தரையும்தான், அது அவ வீட்டுலயே கெடக்கு.

கேள்வி: எனக்கு கலர் பிளைண்ட்னு டாக்டர் சொல்லிட்டாரு. கப்பலுக்குப் போக முடியாதா?
- பிளஸ் டூ மாணவன், குளச்சல்

பதில்: கப்பல் ஓட்டுறதுக்கும் இன்ஜின் ரூமுக்கும் மெடிக்கல்ல எடுக்க மாட்டாங்க தம்பி, சிக்னல் லைட்டு, வயரு எல்லாமே கலரை வச்சுத்தான். ஆனா கப்பலை டிசைன் பண்றவங்க கடலுக்குப் போயே ஆகணும்னு இல்ல. ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி காலேஜ்ல மெடிக்கல் ரூல் என்னன்னு எழுத்துல கேட்டு வாங்கிரு.