மட்டக்களப்புக் கடைச் சுவரில் எந்தக் கிற்றார்? – கேள்வி பதில்

மட்டக்களப்பு நகரில் கீபோர்ட், தபேலா, மைக் விற்கும் ஓர் அண்ணன், இனி உயர்தர எலெக்ட்ரிக் கிற்றாரும் கடையில் வைக்க விரும்புகிறார். எந்தக் கம்பனிகளை எடுக்கலாம் என்று அவர் கேட்டதும் மற்றவர்களும் தங்கள் கேள்விகளோடு சேர்ந்துகொண்டார்கள். நான் கிற்றார் திருத்துகிறவன், கடைகளுக்குச் சாமான் தெரிவுசெய்து கொடுத்த பழக்கமும் உண்டு. அந்த அனுபவத்தில் இருந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி (கடைக்கார அண்ணன், மட்டக்களப்பு நகர்): தம்பி, சுவரில் பன்னிரண்டு கிற்றார் தொங்கவிட இடம் இருக்கு. ஃபெண்டர், கிப்சன், பிஆர்எஸ், ஐபனெஸ், சூர், மியூசிக் மேன் எல்லாத்திலும் இரண்டு இரண்டு எடுத்தால் நிறைவாக இருக்கும்தானே?

பதில்: பார்வைக்கு நிறைவாக இருக்கும் அண்ணே, விற்பதுதான் கஷ்டம். ஐந்து இலட்சம் கொடுக்க வருகிறவர் கம்பனிப் பெயரோடு நிற்கமாட்டார். நெக் (கழுத்து) தடிப்பா மெல்லிசா, விரல் வைக்கும் ஃப்ரெட்போர்ட் பலகை மேப்பிளா ரோஸ்வுட்டா, கம்பியின் சத்தத்தைப் பிடிக்கும் பிக்கப் ஒற்றைச் சுருளான சிங்கிள் கோயிலா இரட்டைச் சுருளான ஹம்பக்கரா என்று ஒரே கம்பனியின் மூன்று நான்கை மடியில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆறு கம்பனியிலும் இரண்டு இரண்டு இருந்தால் அவர் தேடுவது எப்போதும் இல்லாமல்தான் இருக்கும்.

நம்மூரில் இந்த விலைக்கு வாங்கக்கூடியவர்கள் யார் என்று முதலில் பாருங்கள். சேர்ச்சில் வாசிப்பவர்கள், கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் போகும் இசைக்குழுக்காரர், பாசிக்குடா, அறுகம்பை ஹோட்டல்களில் வாசிக்கும் பாண்ட், கல்லடி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்துவிட்டுத் தொழிலாக வாசிக்கிறவர்கள், பைலாவும் கஃப்ரிஞ்ஞாவும் விடாமல் வாசிக்கும் நம் பறங்கிக் குடும்பங்கள். இவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வேண்டியது தெளிவான, துலக்கமான சத்தம். அதனால் முதல் இடம் ஃபெண்டருக்குத்தான். டெலிகாஸ்டரும் 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். நெக்கைத் திருகாணியால் பூட்டியிருப்பதால் கழற்றித் திருத்தலாம், உதிரிப்பாகமும் தட்டுப்பாடில்லை. மெக்சிக்கோவில் எனசெனடா தொழிற்சாலையில் செய்வதில் நான்கு, கலிபோர்னியாவில் கொரோனா தொழிற்சாலையில் செய்வதில் இரண்டு எடுங்கள். மெக்சிக்கோ ஃபெண்டரை இரண்டாந்தரம் என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். நன்றாக செட்டப் செய்த (கம்பியின் உயரமும் நெக்கின் வளைவும் சரிப்படுத்திய) மெக்சிக்கோக் கிற்றார், செட்டப் செய்யாத அமெரிக்கக் கிற்றாரைவிட நன்றாக வாசிக்கும்.

அடுத்தது யமஹா. உங்கள் கடையில் கீபோர்ட் வாங்கிய ஆட்களுக்கு அந்தப் பெயரில் ஏற்கெனவே நம்பிக்கை இருக்கு. ரெவ்ஸ்டார் வரிசையில் ஸ்டாண்டர்ட் இரண்டு, ஜப்பானில் செய்யும் புரொபெஷனல் ஒன்று போதும். உள்ளே குடைந்த உடல், கார்பன் வைத்து உறுதிப்படுத்திய நெக். இந்தக் காலநிலைக்கு அது பெரிய வசதி. மூன்றாவதாக ஐபனெஸ் ஏஇசட் வரிசையில் இரண்டு. வேகமாக வாசிக்கும் இளம் பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். மொத்தம் பதினொன்று. மிச்ச இடத்தை, விற்றுத் தரச்சொல்லி ஆட்கள் கொண்டுவரும் பழைய நல்ல கிற்றாருக்கு வைத்திருங்கள்.

சூர், மியூசிக் மேன் அருமையான கருவிகள்தான், ஆனால் கேட்டு வருகிறவருக்கு முற்பணம் வாங்கி ஓடர் எடுத்துக் கொடுங்கள். பிஆர்எஸ் கேட்டால் இந்தோனேசியாவில் செய்யும் எஸ்இ வரிசை நல்ல வேலைப்பாடு, அதையும் ஓடரில் எடுக்கலாம்.

கேள்வி (அதே அண்ணன்): கிப்சன் இல்லாத கடையைக் கடை என்று சொல்வார்களா?

பதில்: கிப்சனின் லெஸ் போல் கிற்றார் சத்தத்துக்கு நிகரில்லை, அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். லெஸ் போல் ஸ்டாண்டர்ட் அமெரிக்காவிலேயே 2,500 டொலருக்கு மேல். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் ஏழரை இலட்சம். அதற்கு மேல் கப்பல் செலவு, இறக்குமதி வரிகள், 2024 ஜனவரியில் இருந்து 18 வீதமான வற், உங்கள் இலாபம். ஒரு கிற்றாருக்குள் பத்து இலட்சத்தை முடக்கி ஒரு வருடம் காத்திருக்க முடியுமா?

இன்னொன்று, கிப்சனின் தலைப்பகுதி 17 பாகை பின்னுக்குச் சரிந்திருக்கும். நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள் தண்டான ட்ரஸ் ரொட்டைத் திருகுவதற்கான குழியும் அந்த மெல்லிய இடத்தில்தான். பெட்டிக்குள் இருந்தபடியே கீழே விழுந்தாலும் அங்கே உடையும். கொழும்பில் இருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் வருகிற சாமான், கம்பியைத் தளர்த்தி, தலைக்கு அடியில் துணி மடித்து வைத்து வரவேண்டும். பூச்சும் நைட்ரோசெலுலோஸ் லாக்கர். றப்பர் பூசிய சாதாரண ஸ்டாண்டில் தொங்கவிட்டால் றப்பர் பட்ட இடம் உருகிக் கறுக்கும், வெயிலிலும் வியர்வையிலும் பிசுபிசுக்கும். வைத்தே ஆகவேண்டும் என்றால் ஒன்றே ஒன்று, பருத்தித் துணி சுற்றிய கொழுவியில்.

கேள்வி (வாழைச்சேனை): அண்ணா, ஆடி மாதம் வந்தால் என் கிற்றார் நெக் ஓரம் கையைக் கீறுது. மழை காலத்தில் அப்படி இல்லை. கிற்றார் பழுதா?

பதில்: பழுதில்லை தம்பி, கச்சான் காற்றின் வேலை. அந்த மாதங்களில் காற்று காய்ந்து ஃப்ரெட்போர்ட் மரம் அகலத்தில் சுருங்கும். அதில் குறுக்கே பதித்த உலோகப் பட்டியான ஃப்ரெட் சுருங்காது, நுனி வெளியே நீட்டி நிற்கும். நுண்ணிய அரத்தால் ஓரத்தை மழுக்கிவிட்டால் சரி. மார்கழியில் வாடையும் மழையும் வரும்போது மரம் ஈரம் குடித்து ஊதும், நெக்கின் வளைவும் கம்பியின் உயரமும் மாறும். அதனால் நம் பக்கத்தில் வருடத்தில் இரண்டு தடவை செட்டப் செய்யவேண்டும்.

கடைக்கார அண்ணனும் இதைக் கவனிக்கவேணும். கிற்றாருக்கு ஏற்றது 45 முதல் 55 வீத ஈரப்பதம். பகலில் ஏசி போட்டு இரவில் நிறுத்தினால் மரம் தினமும் சுருங்கி ஊதும். அது எப்போதும் ஈரமாக இருப்பதைவிடக் கெடுதி. கண்ணாடிக் கதவு போட்ட சிறிய அறை, சுவரில் ஈரப்பதமானி, மழை மாதங்களுக்கு ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று. கிற்றாருக்கு ஓடர் கொடுக்க முதல் இதைச் செய்து முடியுங்கள்.

வாவியும் கடலும் சூழ்ந்த ஊரில் உப்புக் காற்று வேறு. சாதாரண ஃப்ரெட் செம்பும் நிக்கலும் கலந்தது, பச்சை பிடிக்கும், கம்பியை இழுத்து வாசிக்கும்போது மணலில் உரசுவது போல இருக்கும். ஐபனெஸ் ஏஇசட் பிரெஸ்டீஜ், பிரீமியம் வரிசைகளிலும் சூரிலும் துருப்பிடிக்காத இரும்பு ஃப்ரெட் வருகிறது. அந்த ஏஇசட் கிற்றார்களின் நெக்கும் வெப்பத்தில் பதப்படுத்திய மேப்பிள், ஈரத்தை அவ்வளவாக வாங்காது. நான் அந்த வரிசையைத் தெரிவுசெய்யச் சொன்னதற்கு முதல் காரணமே இதுதான்.

கேள்வி (கல்முனை): தம்பி, எங்கட எலெக்ட்ரோனிக் கடையிலும் இதைச் செய்யலாமா? கொழும்பு முகவரோடு என்ன பேசவேணும்?

பதில்: தாராளமாகச் செய்யலாம் நானா. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். முதல் ஓடரில் குறைந்தது எத்தனை எடுக்கவேண்டும், வருடத்துக்கு எத்தனை என்பது ஒன்று. வரன்டிக்குள் பழுது வந்தால் யார் திருத்துவது, கொழும்புக்கு அனுப்பும் செலவு யாருடையது என்பது இன்னொன்று. அதே முகவர் கல்முனை ஆட்களுக்கு நேரடியாகவும் விற்பாரா என்பதையும் கட்டாயம் கேளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கடையில் வாசித்துப் பார்த்துவிட்டு அங்கே வாங்குவார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஆகவே முகவர் சொல்லும் விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதும் கடதாசியில் இருக்கட்டும்.

கேள்வி (களுவாஞ்சிகுடி): லண்டனில் இருந்து மாமா வரும்போது கொண்டுவருவார். கடையில் வாங்கி என்ன பயன்?

பதில்: மாமா கொண்டுவந்தால் சந்தோஷமாக வாங்குங்கள். பழுது வந்தால் அங்கத்தைய கடையின் வரன்டி இங்கே உதவுவது கஷ்டம் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கத்தைய காலநிலையில் செட்டான கிற்றார் இங்கே வந்ததும் மாறும்.

கடைக்காரர்களுக்குச் சொல்கிறேன், இப்படி வரும் கிற்றாரை முகம் சுளிக்காமல் வாங்கி, காசுக்கு நன்றாகத் திருத்திக் கொடுங்கள். ஒரு திருத்தும் மேசை, நெக் நுனியில் கம்பி தங்கும் நட்டைச் சீவும் அரங்கள், ஃப்ரெட் மட்டம் பார்க்கும் தகடு, வேலை தெரிந்த ஒரு பிள்ளை. இது இல்லாத கடை எந்தப் பெரிய கம்பனியை எடுத்தாலும் நிற்காது. இருக்கும் கடைக்கு அந்த மாமாவின் மருமகன்தான் அடுத்த வாடிக்கையாளர்.

கேள்வி (கல்லடி, சேர்ச்சில் வாசிப்பவர்): ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வாங்கினேன், அம்ப் போட்டதும் இரையுது. கையை கம்பியில் வைத்தால் குறையுது.

பதில்: சிங்கிள் கோயில் பிக்கப் கரண்ட் இரைச்சலைப் பிடிக்கும், அது இயல்பு. ஆனால் கம்பியைத் தொட்டதும் குறைகிறது என்றால் கட்டடத்தின் எர்த்தையும் மின்வேலை தெரிந்தவரிடம் பார்க்கச் சொல்லுங்கள், அது உயிர் சம்பந்தப்பட்டது. எர்த் சரியாக இருந்தும் தொந்தரவாக இருந்தால், கிற்றாரின் உள்குழிக்குச் செப்புத் தகடு ஒட்டலாம்.

கேள்வி (அக்கரைப்பற்று): கனடாவில் இருந்து அண்ணன் அம்ப் அனுப்புறார். நேரே குத்தலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. குத்தியதும் புகைந்துவிடும். அம்ப்பின் வாட் அளவுக்கு மேல் தாங்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும்.

கேள்வி (ஆரையம்பதி): ஒன்றரை இலட்சத்துக்கு கிப்சன் லெஸ் போல், புதுசு, ஒருவர் தருகிறாராம். நம்பலாமா?

பதில்: அந்த விலையே பதில். ஆனாலும் பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது. தலையில் உள்ள சிறிய மூடியைக் கழற்றுங்கள். அசலில் அந்த மூடிக்கு இரண்டு திருகாணி, உள்ளே ட்ரஸ் ரொட் முனையில் பித்தளை நட் இருக்கும். போலிகளில் பெரும்பாலும் மூன்று திருகாணியும் உள்ளே எலன் சாவித் துவாரமும் இருக்கும். கடைக்காரர்களும் பழைய கிற்றார் எடுக்கும்போது இதைப் பார்க்காமல் காசு கொடுக்கவேண்டாம்.

கேள்வி (ஏறாவூர்): கிப்சன் முறிந்துபோன கம்பனியாமே?

பதில்: 2018 மே மாதம் அமெரிக்காவில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டது உண்மை. கிற்றார் வியாபாரத்தால் அல்ல, வேறு ஓடியோ வியாபாரங்களை வாங்கிய கடனால். அந்த வருடமே மீண்டு வந்துவிட்டது.

கேள்வி (பொத்துவில்): ரோஸ்வுட் கிற்றார் இறக்குவதற்குத் தடை இருக்கா?

பதில்: 2017இல் எல்லா ரோஸ்வுட்டுக்கும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தக ஒப்பந்தம்) அனுமதிப்பத்திரம் கட்டாயமானது. 2019 கடைசியில் செய்து முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். பிரேசில் ரோஸ்வுட் மட்டும் இப்போதும் கடும் கட்டுப்பாட்டில்தான், பழைய கிற்றார் எடுக்கும்போது கவனம்.

கேள்வி (செட்டிபாளையம், ஒரு தாய்): மகன் ஏ.எல். எழுதிவிட்டான். தொடங்கும்போதே மூன்று இலட்சத்தில் வேண்டும் என்கிறான். இடக்கைக்காரன் வேறு.

பதில்: அக்கா, தொடங்க அவ்வளவு வேண்டாம். யமஹா பசிபிக்கா 112 இடக்கை வடிவத்திலும் வருகிறது, நல்ல மரம், சத்தமும் நம்பக்கூடியது. கடைகள் இடக்கைக் கிற்றாரைச் சுவரில் வைப்பதில்லை, அதனால் ஓடர் கொடுக்க வேண்டும். மிச்சக் காசில் ஒரு சிறிய அம்ப், பூச்சுப் போட்ட கம்பி இரண்டு செட், பிறகு ஒரு நல்ல வாத்தியாரின் மாதக் கட்டணம்.