கேள்வி – பதில்: படித்த கல்லூரிக்கு உயில் எழுதும்போது

கேள்வி: அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் படித்து, ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. என் வங்கி வைப்புத்தொகையை, ஏழை மாணவியரின் உதவித்தொகைக்காக அக்கல்லூரிக்கு உயில் எழுதி வைக்க விரும்புகிறேன். எவற்றைக் கவனிக்க வேண்டும்?
— வாசகி, திருச்சி

பதில்: தங்கள் எண்ணம் போற்றுதலுக்குரியது, அது நிறைவேறுவதும் நிறைவேறாமல் போவதும் பெரும்பாலும் உயிலின் வாசகத்தைப் பொறுத்தது. 1794-இல் காலமான பச்சையப்ப முதலியார் தம் செல்வத்தை அறப்பணிகளுக்கென உயில் எழுதி வைத்திருந்தும், அந்தச் சொத்து நெடுங்காலம் வழக்குகளில் சிக்கிக் கிடந்ததால், அவர் பெயரிலான பள்ளி சென்னையில் 1842-இல்தான் தொடங்கப்பட்டது.

உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றை ஓர் அறக்கட்டளையோ பதிவுபெற்ற சங்கமோ நடத்துகிறது. ஆகவே கல்லூரியின் பெயரோடு நிறுத்திவிடாமல், அதை நடத்தும் அமைப்பின் பதிவுப் பெயரையும் முகவரியையும் எழுதுங்கள். உயிலில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது, முத்திரைத்தாளும் தேவையில்லை. உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளராகத் தங்களைவிட வயதில் இளையவர் ஒருவரை நியமியுங்கள். வைப்புக்கு அண்ணன் மகனை நியமனதாரராகக் காட்டியிருந்தால் வங்கி பணத்தை அவரிடம்தான் கொடுக்கும். உயிலின்படி அது கல்லூரிக்கே உரியது என்றாலும், இதை அவர் இப்போதே அறிந்திருந்தால் பிற்பாடு மனக்கசப்பு வராது.

உதவித்தொகை வற்றிப்போகாமல் பார்த்துக்கொள்வது இவை அனைத்தையும்விட முக்கியம். 10 லட்சம் ரூபாய்க்கு 7 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 70,000 ரூபாய் வரும். அதை முழுவதும் வழங்கிவிட்டால், வட்டி விகிதம் மாறாதிருந்தாலும் 20 ஆண்டுகள் கழித்துக் கிடைப்பதும் அதே 70,000-தான். அதற்குள் விடுதிக் கட்டணம் எங்கோ போயிருக்கும். பழைய அறக்கட்டளைப் பரிசுகள் பல இன்று ஒரு பாடநூல் வாங்கவும் போதாமல் நிற்பது இதனால்தான். முதல் தொகையைத் தொடக்கூடாது என்பதோடு, வட்டியில் நான்கில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அந்த முதல் தொகையோடு சேர்க்க வேண்டும் என்றும் எழுதுங்கள். நிபந்தனைகளை மிக இறுக்கமாக வைக்க வேண்டாம். தாங்கள் குறிப்பிடும் பாடப்பிரிவே ஒருநாள் மூடப்பட்டால், நோக்கத்தை மாற்ற நீதிமன்றம் வரை செல்ல நேரிடும். தகுதியானவர் இல்லாத ஆண்டில் வேறு துறை மாணவிக்கு வழங்கலாம் என்ற ஒரு வரி அந்தச் சிக்கலைத் தவிர்க்கும். மதிப்பெண்ணை மட்டுமே அளவுகோலாக்கிவிடாதீர்கள் என்பதும் என் வேண்டுகோள். பேருந்துக் கட்டணத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் வழியின்றிப் படிப்பை நிறுத்துபவள் பெரும்பாலும் முதல் மதிப்பெண் பெற்றவளாக இருப்பதில்லை.

கேள்வி: உயில் வழியாகக் கொடுத்தால் வரிச் சலுகை உண்டா?
— வாசகர், மதுரை

பதில்: இல்லை. இறந்தவரின் சொத்து மீதான வரி இந்தியாவில் 1985-இலேயே நீக்கப்பட்டுவிட்டதால், உயில் கொடையால் மிச்சமாகும் வரி ஏதுமில்லை. வாழும்போதே கொடுத்தால், அந்த அமைப்பு உரிய அங்கீகாரம் பெற்றிருந்து, தாங்களும் பழைய வருமான வரிமுறையில் இருந்தால் மட்டுமே வரிக் கழிவு கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடைக்காது. வசதியுள்ளவர்கள் ஒரு பகுதியையாவது இப்போதே கொடுத்து, அந்த உதவித்தொகை எவ்வாறு வழங்கப்படுகிறது என்று இரண்டு மூன்று ஆண்டுகள் பார்த்த பிறகு உயிலை எழுதுவது நலம் என்பது என் கருத்து.

கேள்வி: எங்கள் வகுப்புத் தோழர்கள் சிலர் அமெரிக்கக் குடிமக்கள். அவர்களும் சேர்ந்து கொடுக்கலாமா?
— வாசகர், கோவை

பதில்: கொடுக்கலாம், ஆனால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படும். கல்லூரியை நடத்தும் அமைப்பு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். பணமும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள அதன் கணக்கிற்கே முதலில் வர வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் வாழ்பவர், தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. எனவே இரு வகையினரின் பணத்தையும் ஒரே கணக்கில் திரட்டாமல், தனித்தனியே அனுப்பச் சொல்லுங்கள்.