செப்பலினுக்கு எதற்குப் பதவி உயர்வு?

அன்புள்ள சார்,

லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவை ப்ரோக்ரசிவ் ராக் (நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக்) குழுவாகக் கணக்கில் எடுக்கலாமா என்று எங்கள் நண்பர்களுக்குள் ஓயாத சண்டை. நான் எடுக்கலாம் என்கிற கட்சி. அவர்களுடைய ‘காஷ்மீர்’ பாட்டில் ட்ரம்ஸ் நான்கு எண்ணிக்கையாகவும் கிட்டார் மூன்றாகவும் போகிறது. ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’ ஐந்தும் ஆறுமாக மாறுகிறது. ‘அகில்லீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்’ பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. பிங்க் ஃப்ளாய்டு என்ற ப்ரோக்ரசிவ் குழுவுக்கு ஆல்பம் அட்டை செய்த ஹிப்னாசிஸ் என்ற வடிவமைப்பு நிறுவனம்தான் இவர்களுக்கும் செய்தது. ப்ளூஸ் என்ற எளிய நாட்டுப்புற இசையில் தொடங்கி, அதைத் தாண்டி மேலே வந்தவர்கள் இவர்கள். இன்னமும் ‘ப்ளூஸ் ராக்’ என்று சொல்வது அவர்களைக் குறைத்துச் சொல்வதாகாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கொஞ்ச நாளாக 1929இல் பதிவான ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்ததால்தான் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு இதற்கு எழுதுகிறேன்.

முதலில் உங்கள் சண்டையை முடித்துவிடலாம். செப்பலினின் முதல் ஆல்பமும் ப்ரோக்ரசிவ் குழுவான கிங் க்ரிம்சனின் முதல் ஆல்பமும் ஒரே வருடம், 1969இல் வந்தவை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். க்ரிம்சனும், அதே வகைக் குழுக்களான யெஸ்ஸும் ஜெனிசிஸும் பாட்டைப் பகுதி பகுதியாகக் கட்டுகிறவர்கள். ஜெனிசிஸின் ‘சப்பர்ஸ் ரெடி’ ஏறக்குறைய 23 நிமிடம், ஏழு பகுதிகள். அங்கே ஐரோப்பிய சாஸ்திரிய இசையின் கட்டுமானம் அடியில் இருக்கிறது. செப்பலினில் அடியில் இருப்பது ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் வாசிப்பு), அதைத் தாங்கும் ட்ரம்ஸ். ‘அகில்லீஸ்’ அந்தப் பக்கம் நெருங்கிப் போகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு பாட்டு நெருங்கிப் போனால் குழுவே இடம் மாறிவிடாது. அட்டைப்பட வாதத்தை விட்டுவிடுங்கள், அது வாதமே இல்லை.

‘காஷ்மீர்’ பற்றி ஒன்று. மிருதங்கம் வாசிக்கும் நண்பர் ஒருவருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். தொடையில் தட்டிக்கொண்டே கேட்டார். மூன்றும் நான்கும் பன்னிரண்டில் வந்து சேர்வதை உடனே பிடித்துவிட்டார். “கணக்கு சின்னதுதான். ஆனா அந்த ஆள் அசையவே மாட்டேங்கறார் பாருங்க, கிட்டார் எவ்வளவு இழுத்தாலும் போகல” என்றார். செப்பலினின் ட்ரம்மர் ஜான் பானத்தைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான வார்த்தை அது. கணக்குப் போடத் தெரிந்த ட்ரம்மர்கள் அந்தக் காலத்தில் லண்டனில் எத்தனையோ பேர். அந்த நிதானம் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. நீங்கள் விரல் விட்டு எண்ணிப் பட்டியல் போடுகிறீர்கள். எண்ணுவதில் தப்பில்லை, ஆனால் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால்தான் மதிப்பு என்று எங்கே கற்றீர்கள்?

இப்போது கோபப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். “ப்ளூஸ் என்ற எளிய நாட்டுப்புற இசையில் தொடங்கி, அதைத் தாண்டி மேலே வந்தவர்கள்.” தம்பி, இந்த வாக்கியத்தை எழுதும்போது உங்களுக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லையா?

ப்ளூஸ் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை. அதைப் பாடிய ஜான் லீ ஹூக்கரின் ‘பூகி சில்லன்’ 1948இல் வந்தது. ஒரே ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு), ஒரு கிட்டார், பலகையில் காலால் தட்டும் சத்தம். அவ்வளவுதான். அவருடைய பாட்டுகளைப் பன்னிரண்டு பார் (தாள ஆவர்த்தனம் போன்ற அளவு) என்ற சட்டத்துக்குள் அடைக்க முயன்று பாருங்கள், முடியாது. ஒரு வரியைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு எடுத்துக்கொள்வார். கார்டு மாறும் இடத்தை அவர் மூச்சு முடிவு செய்யும். கூட வாசிக்க வந்தவர்கள் திண்டாடினார்கள். இன்னொரு ப்ளூஸ் பாடகரான ராபர்ட் ஜான்சன் 1936, 37இல் பதிவுசெய்த 29 பாட்டுகளில் பலவற்றிலும் இப்படி நீண்டும் குறைந்தும் போகும் பார்கள் உண்டு. நீங்கள் ‘ஃபோர் ஸ்டிக்ஸி’ல் கண்டு வியக்கிற சங்கதி அங்கே பேச்சு மாதிரி சாதாரணமாக வருகிறது. யாரும் அதற்குப் பெயர் வைத்துப் பெருமைப்படவில்லை, அதனால் உங்கள் கண்ணில் படவில்லை.

நான் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டுக்கு வருகிறேன். ‘வென் த லெவி ப்ரேக்ஸ்’. விடுதியில் பக்கத்து அறைப் பையனிடம் செப்பலினின் நான்காவது ஆல்பம் ஒரு நகல் கேசட்டில் இருந்தது. அட்டையும் இல்லை, பெயர்களும் இல்லை, நீல மையில் ‘எல்.இசட்.’ என்று மட்டும் எழுதியிருக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு அந்தக் கடைசிப் பாட்டைக் கேட்போம். மழை, வெள்ளம், கரை உடையப் போகிறது என்பது மட்டும் புரியும். அது யாருடைய வெள்ளம் என்று பல வருடம் எனக்குத் தெரியாது.

1927இல் மிசிசிப்பி நதி கரையை உடைத்துக்கொண்டு லட்சக்கணக்கானவர்களை வீடற்றவர்களாக்கியது. மிசிசிப்பி மாநிலத்தின் க்ரீன்வில் பக்கத்தில் கறுப்பினத் தொழிலாளிகளைத் துப்பாக்கி முனையில் நிறுத்தி மணல் மூட்டை அடுக்க வைத்தார்கள். உடைந்த பிறகும் அவர்களைக் கரை மேல் முகாமிலேயே நிறுத்திவைத்தார்கள். போனால் பருத்திக் காட்டுக்குத் திரும்ப மாட்டார்கள் என்ற பயம் முதலாளிகளுக்கு. இரண்டு வருடம் கழித்து ப்ளூஸ் கலைஞர்களான கான்சஸ் ஜோ மெக்காயும் மெம்பிஸ் மின்னியும் அந்த வெள்ளத்தைப் பாட்டாக்கிப் பதிவு செய்தார்கள். பாடுவது ஜோ. ஆனால் மின்னியின் கிட்டாரைக் கவனியுங்கள். கரையில் நிற்கிறவனின் பயத்தை ஜோ சொல்லிக்கொண்டு போக, அவள் விரல்கள் சுறுசுறுப்பாக, ஏறக்குறைய உற்சாகமாக, அடியில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அந்த முரணில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது. இதையா எளிய இசை என்கிறீர்கள்?

1971இல் செப்பலின் இதை எடுத்தபோது என்ன செய்தார்கள்? ஹெட்லி க்ரேஞ்ச் என்ற பழைய வீட்டின் வாசல் கூடத்தில் பானத்தின் ட்ரம்ஸை வைத்தார்கள். மாடிப்படியின் மேலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ். அந்தக் கூடத்தின் கல்லும் உயரமும் சேர்ந்துதான் அந்தச் சத்தம். அப்புறம் டேப்பின் வேகத்தைக் குறைத்தார்கள், ஹார்மோனிகாவுக்கு எதிரொலியைப் பின்னோக்கிப் போட்டார்கள். ஏழு நிமிடம், நேரான நான்கு எண்ணிக்கை. உங்கள் பட்டியலில் இந்தப் பாட்டே இல்லை, ஏனென்றால் எண்ணுவதற்கு அதில் ஒன்றும் இல்லை! அவர்கள் செய்ததிலேயே புதியது இதுதான். அந்த ட்ரம்ஸ் துண்டை வெட்டி எடுத்து ஹிப்ஹாப்காரர்கள் இன்றுவரை பயன்படுத்துகிறார்கள். ப்ளூஸைத் தாண்டிப் போய்ச் செய்ததா இது? ப்ளூஸுக்குள்ளே இன்னும் ஆழமாக இறங்கிச் செய்தது.

அவர்களை நான் புனிதர்களாக்கவில்லை. 1969இன் ‘ஹோல் லாட்டா லவ்’ வரிகளுக்காக ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே முடித்துக்கொண்டார்கள். ‘லெவி’யில் மின்னியின் பெயரைத் தங்கள் பெயர்களோடு சேர்த்துப் போட்டார்கள், ஜோவின் பெயர் இல்லை. அந்த ஆல்பம் வந்தபோது மின்னி உயிரோடு இருந்தாள், தெரியுமா? பக்கவாதம் வந்து, கையில் காசில்லாமல், மெம்பிஸில். 1973இல் இறந்தாள். அவள் கல்லறைக்கு ஒரு கல் நட 1996 ஆயிற்று. செலவை ஏற்றவர் பாடகி போனி ரெய்ட்.

இப்போது உங்கள் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். ‘ப்ளூஸ் ராக்’ என்பது செப்பலினைக் குறைத்துச் சொல்வதாகாதா என்று கேட்கிறீர்கள். கடன் கொடுத்தவளை வாசலில் நிறுத்திவிட்டு, வாங்கியவனுக்குப் பட்டுச் சால்வை தேடுகிற வேலை இது. உங்களுக்கு நல்ல காது இருக்கிறது, ‘காஷ்மீரை’ நீங்களே எண்ணிப் பிடித்திருக்கிறீர்கள். அந்தக் காதை வகை பிரிப்பதில் செலவழிக்காதீர்கள் என்றுதான் இவ்வளவு கடிந்துகொள்கிறேன்.

1929 பதிவு இணையத்தில் சுலபமாகக் கிடைக்கும், மூன்று நிமிடம்தான். நண்பர்களோடு சேர்ந்து கேளுங்கள். மின்னியின் கிட்டாரில் என்ன கேட்டது என்று எழுதுங்கள். ‘அகில்லீஸ்’ பற்றித் தனியாக எழுதுகிறேன், அதில் பானம் செய்திருப்பதைப் பேச இந்தப் பதிலில் இடம் போதாது.